மெக்கானிக் வேலைக்கு வரலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 26. நான்கு வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. சம்பளம் ஒழுங்காக வருகிறது, மனம் மட்டும் அதில் ஒட்டவில்லை. சொந்த பைக்குக்கு ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் நீங்களே செய்கிறீர்கள். வாரத்தில் மனதுக்கு நிறைவான பொழுது அதுதான் என்கிறீர்கள். அப்புறம் "பைக் மெக்கானிக் வேலை கட்டுப்படியாகுமா, எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் என்ன செய்வது?" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வி தெரிகிறது. பிடித்த ஒன்றைப் பிழைப்பாக ஆக்கிக்கொண்டால் அது பிடித்ததாகவே இருக்குமா, பத்து வருடம் கழித்து வருத்தப்பட வேண்டி வருமா என்பதுதான் அது. நான் இந்த வேலைக்கு வந்து 23 வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் பிறரிடம் வேலை பார்த்தேன், அதற்குப் பிறகு சொந்தப் பட்டறை. எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் என் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். விடுமுறை நாளில் நீங்கள் செய்யும் வேலைக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயிலை ஊற்றினால் வேலை முடிந்தது. பட்டறைக்கு வரும் வண்டி அப்படி வராது. "அண்ணே, ஏதோ மாதிரி இருக்கு, சில நேரம் ஆஃப் ஆகிடுது" என்ற ஒரே வரியோடு வரும். அந்த வரியிலிருந்து கோளாறு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் இந்தத் தொழில். ஸ்பேனர் பிடிப்பதை ஆறு மாதத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு வருடங்கள் ஆகும். எனக்கு இன்னும் சில வண்டிகளில் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிடும், இரண்டு நிமிடத்தில் தானாகவே ஸ்டார்ட் ஆகும். என்னிடம் வருவதற்கு முன் மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. ஓர் இடத்தில் ஸ்பார்க் பிளக், இன்னோர் இடத்தில் இக்னிஷன் காயில், மூன்றாவது இடத்தில் பெட்ரோல் பம்ப் என்று மூன்றும் புதிதாக மாட்டியிருந்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது. எப்போதெல்லாம் நின்றது என்று வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டே போனேன். யோசித்துப் பார்த்து, பெரும்பாலும் வளைவில்தான், அதுவும் மெதுவாகத் திருப்பும்போது என்றார். ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, சாவியிலிருந்து பின்னால் போகும் ஒயரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. வருடக்கணக்கில் ஹேண்டில் திரும்பித் திரும்பி, ஃபோர்க்குக்குப் பக்கத்தில் அந்த ஒயரின் உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம், சரி செய்யப் பத்து நிமிடம்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் படித்தபோது உங்களுக்கு ஆர்வம் வந்ததா, அலுப்பு வந்ததா என்று கவனித்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் நிலைத்தவர்களையும் விட்டுப் போனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி மேல் ஆசை இல்லாதவர் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் இல்லை. விட்டுப் போனவர்களுக்கும் ஆசை நிறையவே இருந்தது; "இன்னும் பிடிபடவில்லையே" என்ற நிலையில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்காரத்தான் முடியவில்லை. கை பரபரக்கும், எதையாவது கழற்றத் தோன்றும், கழற்றியதில் இன்னொரு கோளாறு சேரும். வண்டி ஓட்டுவதும் அலங்கரிப்பதும்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், தயவுசெய்து அதைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு ஓட்ட நேரம் கிடைப்பது அபூர்வம், சொந்த வண்டி எப்போதும் வரிசையில் கடைசியாகத்தான் நிற்கும். கண்டுபிடிப்பது பிடித்தது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கண்டுபிடிப்பது மந்திரம் கிடையாது. பெட்ரோல் இன்ஜின் ஓட நான்கு விஷயம் வேண்டும்: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, போதுமான கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அந்தக் கலவை அழுத்தப்படுவது). ஓடாத வண்டியில் இந்த நான்கில் ஒன்று இல்லை, அல்லது குறைகிறது. எது என்பதை ஊகிக்காமல் அளந்து சொல்பவர்தான் மெக்கானிக். அளவுகள் சின்னச் சின்னவை. சிறிய இன்ஜின்கள் பலவற்றில் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடம்) 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அது இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் குறையும், சூடான வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலையும் அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் அழுத்தம் 3 பார் (bar என்ற அழுத்த அலகு) அளவில் இருக்கும். கேஜை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பம்ப் குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடும். இப்படி அளக்காமல் பாகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது வண்டிக்காரரின் பணத்தில் நாம் செய்யும் பரிசோதனை. அதை நான் நேர்மையான வேலையாக நினைக்கவில்லை.

சரி, பணம். உங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக் எவ்வளவு சம்பாதிப்பார் என்று ஒரு தொகையை நான் சொன்னால் அதற்கு மதிப்பு இல்லை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் அது மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறை வைத்து நொடித்துப் போனவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். அதில் யாராவது காசு கொடுக்கும் நேரம் எவ்வளவு? வருகிறவரிடம் பேசுவது, ஸ்பேர் தேடி அலைவது, கடையைக் கூட்டுவது, நீங்களே தப்பாகச் செய்து திரும்பி வந்த வண்டியை மறுபடி பார்ப்பது, இதற்கெல்லாம் யாரும் கொடுக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் நல்ல நாளில் 5 மணி நேரம்தான் காசாகிறது. ஆக மாதம் 130 மணி. வாடகை, மின்சாரம், கருவிகள், உதவியாளர் சம்பளம், உங்கள் குடும்பச் செலவு, நோய் நொடிக்கு ஒதுக்குவது எல்லாவற்றையும் கூட்டி 130-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகைதான் உங்கள் ஒரு மணி நேரத்தின் குறைந்தபட்சக் கூலி. அதைக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த இடத்தில் பட்டறை நிற்காது.

முதல் சில வருடங்கள் நீங்கள் இப்போது வாங்கும் சம்பளத்தை விடக் குறைவாகவே வரும், இது ஏறக்குறைய உறுதி. கருவி வாங்குவது வேறு தொடர்ந்து பணத்தை இழுக்கும். கடன் வாங்கி முழு செட்டும் முதல் நாளே வாங்காதீர்கள். ஒரு நல்ல சாக்கெட் செட், போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச், சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், நம்பகமான மல்டிமீட்டர், இவை போதும். மற்றவற்றை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். ஜப்பானியத் தயாரிப்புகளில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜிஸ் (JIS) என்ற ஜப்பானியத் தர அளவு. சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அதற்கென்று இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும்.

அந்த அறுந்த ஒயர் வண்டிக்கு வருவோம். வண்டிக்காரர் கேட்டார், "ஒரு துண்டு ஒயருக்கா இவ்வளவு?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், வாரம் ஒரு முறையாவது வரும். பாகத்துக்குக் காசு கொடுக்க மனிதர்களுக்குத் தயக்கம் இல்லை, அது கையில் தெரிகிறது. கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதற்குத்தான் மனம் வருவதில்லை. அதனால்தான் பல மெக்கானிக்குகள் தேவையில்லாத பாகத்தை மாட்டி அதில் தங்கள் கூலியை ஒளித்து வைக்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிறகு வழக்கத்தை மாற்றினேன். வேலையைத் தொடங்கும் முன்பே, "கண்டுபிடிக்க இவ்வளவு ஆகும், அதன் பிறகு சரி செய்ய எவ்வளவு என்று சொல்கிறேன், வேண்டாம் என்றால் முதல் தொகையோடு எடுத்துக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிடுவேன். சிலர் போய்விட்டார்கள். இருந்தவர்கள் பல வருடமாக வருகிறார்கள், வேறு ஆட்களையும் அனுப்புகிறார்கள். பேச்சு நேராக இருப்பது, கைத்திறமைக்குச் சமமாக இந்தத் தொழிலைத் தாங்குகிறது. முன்பின் தெரியாதவரிடம் பணம் பற்றித் தெளிவாகப் பேசக் கூச்சம் இருந்தால், சொந்தப் பட்டறையை விட ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்கு இருப்பதே உங்களுக்குச் சரி. அதில் குறைவு எதுவும் இல்லை.

உடம்பைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. குனிந்தும் குந்தியும் செய்யும் வேலை இது. முதுகும் முழங்காலும் நாற்பது வயதில் கணக்குக் கேட்கும். முதல் பெரிய லாபம் வந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பெட்ரோலில் கை கழுவும் பழக்கம் பட்டறைகளில் சாதாரணம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதியான பட்டியலில் வைத்திருக்கும் பொருள். தோல் வழியாகவும் போகும், மூச்சிலும் போகும். கையுறை போடுங்கள், சோப்பு வையுங்கள். பிரேக் ட்ரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவதும் தவறு. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியில் துடைத்து எடுக்க வேண்டும். மூடிய அறையில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. இந்த நாலையும் நான் தாமதமாகக் கற்றேன், நீங்கள் முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு பாரம் இருக்கிறது, அது தோளில் தெரியாது. பிரேக் பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புது பேடை மாட்டுகிறோம். அதனால் முதல் முறை லீவரைப் பிடித்தால் பிரேக் பிடிக்காது, வெறுமையாகப் போகும். நாலைந்து முறை அழுத்தி இறுக்கம் வந்த பிறகுதான் வண்டியைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்து கொடுத்தால், வெளியே போகும் மனிதர் முதல் திருப்பத்திலேயே அதைத் தெரிந்துகொள்வார். சொந்த வண்டியில் செய்தபோது அந்தத் தவறு உங்களோடு முடிந்தது. இங்கே அப்படி இல்லை. நான் இப்போதும் எந்த வண்டியைக் கொடுப்பதற்கு முன்னும் ஆக்ஸில் நட், பிரேக், டயர் காற்று மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தருகிறேன். தூக்கம் வராத இரவுகள் சில உண்டு. "அந்த போல்ட்டை இறுக்கினேனா?" என்ற எண்ணம் வந்து எழுப்பிவிடும். அந்தப் பயம் போய்விட்டால் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எலெக்ட்ரிக் வண்டி பற்றிக் கேட்டீர்கள். உறுதியானதை முதலில் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள்கள் சீக்கிரத்தில் சாவதில்லை. ஹோண்டாவின் சூப்பர் கப் 1958-இல் வந்தது. 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. அத்தனை பழைய வகை வண்டிகள் இன்னும் எத்தனையோ நாடுகளில் ஓடுகின்றன. இன்று விற்கும் பெட்ரோல் வண்டிக்கு இன்னும் பத்து, பதினைந்து வருடம் சர்வீஸ் வேண்டும். ஆக நீங்கள் தொழில் கற்று முடிப்பதற்குள் வேலை காணாமல் போய்விடாது. மாற்றம் எலெக்ட்ரிக்கோடு தொடங்கவும் இல்லை. ஐரோப்பாவில் யூரோ 5 புகை விதி புது மாடல்களுக்கு 2020-இலும் மற்றவற்றுக்கு 2021-இலும் வந்தது, வேறு நாடுகளும் அதே திசையில் விதிகளை இறுக்கின. புது வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷனும் சென்சார்களும் வந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட புகை விதிகளால்தான். காதால் கேட்டு ஸ்க்ரூ திருப்பி டியூன் செய்த பெரிய கைகள் பல அந்த நேரத்தில் தடுமாறின. மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தடுமாறவில்லை.

எலெக்ட்ரிக் வண்டியில் ஆயில் இல்லை, டேப்பெட் இல்லை, பிளக் இல்லை, பெரும்பாலானவற்றில் கிளட்சும் இல்லை. சிறு பட்டறைகளின் அன்றாட வருமானம் இவைதான், எனவே அந்தப் பகுதி குறையும். டயர், பிரேக், பேரிங், சஸ்பென்ஷன், ஒயரிங் அப்படியே இருக்கும். புதிதாக பேட்டரி பேக், கன்ட்ரோலர், தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கப்ளர்கள் (ஒயர் இணைப்புகள்) என்று வேறு வேலை வரும். இதில் கவனம் தேவை. 60 வோல்ட் டிசிக்கு (பேட்டரி தரும் நேர் மின்சாரத்துக்கு) மேல் இருக்கும் பேக்குகளில் முறையான பயிற்சி இல்லாமல் கை வைக்கக் கூடாது, லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பதும் எளிதல்ல. என் கை பெட்ரோல் வண்டியில் பழகியது. எலெக்ட்ரிக்கில் நான் பார்த்தவை குறைவு, இந்தப் பத்தியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இனி வருவது என் ஊகம்தான். மாற்றம் எந்த வேகத்தில் வரும் என்பதை விட, நிறுவனங்கள் தங்கள் மென்பொருளையும் கோளாறு படிக்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குக்குத் திறந்துவிடுமா, பூட்டி வைக்குமா என்பதுதான் சிறு பட்டறைகளின் தலையெழுத்தை முடிவு செய்யும். அது நம் கையில் இல்லை. மின்சாரம் படிப்பது நம் கையில் இருக்கிறது. இப்போது தொடங்குகிறவர் ஒயரிங் வரைபடத்தைச் செய்தித்தாள் போலப் படிக்கப் பழகினால், எந்தப் பக்கம் போனாலும் அவருக்கு வேலை இருக்கும். கணினி வேலையிலிருந்து வருவதால் நீங்கள் பின்தங்கியவர் என்று எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள். ஒரு நிரலில் பிழையைத் தேடும் ஒழுங்கும் ஒயரிங்கில் அறுந்த இடத்தைத் தேடும் ஒழுங்கும் ஒன்றுதான்: பாதியில் அளந்து பார், எந்தப் பாதியில் கோளாறு என்று முடிவு செய், மறுபடி பாதியாக்கு.

எங்கே கற்பது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். படிப்பு மட்டும் போதாது. பட்டறையில் நின்று கற்பது மட்டும் இருந்தால் குருவின் தவறுகளும் சேர்ந்து வரும். நான் கற்ற இடத்தில் டார்க் ரெஞ்சே கிடையாது. "கைக்குத் தெரியும்" என்பார்கள். என் கைக்குத் தெரியவில்லை, ஒரு ஆயில் டிரெயின் போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கி அலுமினிய கேஸில் இருந்த மரையை அழித்துவிட்டேன். அதைச் சரி செய்ய ஆன இரண்டு நாளில்தான் சர்வீஸ் மேனுவலை முதல் முறையாகத் திறந்தேன். முடிந்தால் ஒரு அடிப்படைப் படிப்பு, பிறகு இரண்டு வருடம் ஒரு நிறுவன சர்வீஸ் சென்டர், அதற்குப் பிறகு எல்லா வகை வண்டியும் வரும் ஒரு தனிப் பட்டறை என்ற வரிசையை நான் விரும்புவேன். சர்வீஸ் சென்டரில் வேகமும் முறையும் வரும். ஆனால் அங்கே பெரும்பாலும் பாகம் மாற்றும் வேலைதான். பழைய வண்டிகள் வரும் தனிப் பட்டறையில்தான் மூளைக்கு வேலை. சேரப்போகும் இடத்தில் சம்பளம் கேட்பதற்கு முன் சர்வீஸ் மேனுவல் இருக்கிறதா, திரும்பி வரும் வண்டியை எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பழுதாகித் திரும்பி வந்த வண்டிக்காரரிடம் சண்டை போடும் இடத்தில் கற்க எதுவும் இருக்காது.

வேலையை உடனே விடாதீர்கள். ஆறு வாரம், வார இறுதியில் ஒரு நாள், தெரிந்த ஒரு பட்டறையில் கூலி இல்லாமல் நிற்க அனுமதி கேளுங்கள். சுத்தம் செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள். அதோடு ஓடாத மலிவான பழைய வண்டி ஒன்றை வாங்கி, எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் என்ன கோளாறு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதை அளந்தீர்கள், என்ன எண் வந்தது, அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். முதல் முடிவு தவறாகத்தான் இருக்கும். அது தவறு என்று தெரிந்த அந்தச் சாயங்காலம் நோட்டை மூடிவிட்டுப் போகத் தோன்றியதா, இன்னொரு பக்கம் புரட்டத் தோன்றியதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து இங்கேயே எழுதுங்கள், நான் படிக்கிறேன். எழுதும்போது எந்த வண்டி, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள், கடைசியில் எதில் கோளாறு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.